திரையில் எளிதாய் எரியும் விளக்கு

திரைப்படம் பார்க்குமாறு எவரையும் தூண்டுவது என் நோக்கமன்று. ஆயினும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். மின்சாரம் எங்கிருந்து, யாருடைய உழைப்பில் வருகிறது என்பதைப் பற்றி அப்படங்கள் அவர்களுக்கு என்ன கற்பிக்கின்றன என்பதே என் கவலை.

2008இல் வெளிவந்த ‘அயர்ன் மேன்’ படத்தில், ஆப்கானிஸ்தான் குகையொன்றில் சிறைப்பட்ட ஆயுத வணிகர் டோனி ஸ்டார்க், ஏவுகணை உதிரிகளைக் கொண்டு உள்ளங்கையளவு உலை செய்து மார்பில் பொருத்திக்கொள்கிறார். அது நொடிக்கு மூன்று ஜிகாஜூல் தருமாம்; அதாவது 3,000 மெகாவாட். கூடங்குளத்தின் முதலிரு உலைகளும் முழுத்திறனில் இயங்கினாலும் 2,000 மெகாவாட்தான்! அவற்றைக் குளிர்விக்கக் கடல் வேண்டும். கழிவுக்கு இடம் வேண்டும். இடிந்தகரை மக்களின் அச்சத்திற்கு விடை வேண்டும். ஸ்டார்க்கிற்கு இவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை. இரண்டாம் படத்தில் உலையிலுள்ள பல்லேடியம் அவர் குருதியை நஞ்சாக்குகிறது. அதையும் புதியதொரு தனிமத்தைப் படைத்துத் தீர்த்துவிடுகிறார். அக்குகையைச் சூழ வாழும் ஏழை ஆப்கானியர் வீட்டில் விளக்கு எரிகிறதா? அதைக் கேட்பாரில்லை.

‘தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்’ (2019) வேறு வகை. மலாவி நாட்டு வில்லியம் காம்குவாம்பாவின் உண்மைக் கதை. பஞ்சத்தால் கல்விக் கட்டணம் செலுத்த இயலாது பள்ளியை இழந்த 14 வயதுச் சிறுவன், நூலகத்தில் கண்ட நூலொன்றைக் கொண்டு காற்றாலை அமைக்கிறான். அதற்குத் தந்தையின் மிதிவண்டி வேண்டும். குடும்பத்தின் உடைமைகளுள் எஞ்சியது அது. தந்தை சினந்து மறுக்கிறார். பசித்த வீட்டில் இருப்பதையும் உடைத்துத் தா என்றால் எந்தத் தகப்பன்தான் உடனே தருவார்? ஆற்றலுக்கு விலையுண்டு, அதை ஒருவர் தம் கையிலிருந்து கொடுக்கிறார் என்று இக்காட்சி உணர்த்துவதுபோல் நூறு பாடங்களும் உணர்த்தா. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆளொழிந்த பின்னும் குளிர்சாதனத்தை ஓடவிடும் நாமும் காண வேண்டிய காட்சிதான்.

எனினும் இப்படமும் ஓரிடத்தில் அவசரப்படுகிறது. அந்த முதற்காற்றாலையே வயலுக்கு நீரிறைத்து ஊரைக் காப்பதாகக் காட்டுகிறது. உண்மையில் அது தந்தது 12 வாட். நான்கு விளக்குகளும் இரண்டு வானொலிகளும் இயங்கின. நீரிறைக்கும் காற்றாலை பின்னர் வந்தது. ஊரார் கைப்பேசிக்கு மின்னேற்ற அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றனர். அந்த வரிசையைக் காட்டியிருந்தாலே போதும். பசுமையான வயல் தேவைப்பட்டிராது.