ஊதினால் ஓடுமா?

பழைய வீடியோ கேம் பெட்டியில் படம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கேசட்டை உருவி, ஊதி, மீண்டும் செருகுவீர்கள். படம் வந்துவிடும். ஊதியதாலா வந்தது?

1983இல் ஜப்பானில் வெளியான நிண்டெண்டோ ஃபேமிகாமின் கேசட்டில் 60 உலோகத் தொடுமுனைகள் உண்டு. அவற்றில் அழுக்குப் படிந்தால் மின்தொடர்பு கெடும். உருவிச் செருகும்போது உராய்வு அழுக்கை நீக்குகிறது; பெயரோ மூச்சுக்குப் போகிறது!

மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும். உப்புக் காற்று வீசும் மூலக்கொத்தளத்தில் இது இரட்டைக் கேடு. மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிடுங்கள்.

அதற்குமுன், ஊதாமலே உருவிச் செருகிப் பாருங்கள். இரண்டு செயல்களைச் சேர்த்துச் செய்துவிட்டு ஒன்றை மட்டும் காரணமாக்குவது அறிவியல் ஆகாது.