விலை சொல்லாத வைத்தியம்

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்படும் தாயின் பெட்டியில் ஆறு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை இருக்கிறது. பிரஷர் மாத்திரை இருக்கிறது. பத்தியத்துக்குச் சுக்கும் பூண்டும் பிரசவ லேகியமும் இருக்கின்றன. கைப்பையில் இருக்கும் காப்பீட்டுப் பத்திரமோ, அந்தச் சர்க்கரையையும் பிரஷரையும் ஒட்டி வரும் எந்த நோய்க்கும் ஏறக்குறைய ஒன்றும் தராது. பெட்டியைக் கட்டியவருக்கு இது தெரியாது. பாலிசியை விற்றவருக்குத் தெரியும்.

நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ், ஆஞ்சியோ, ஸ்டென்ட், ஐ.சி.யூ. என்று எல்லாம் மளமளவென நடக்கும். உயிர் பிழைப்பார். அந்த வைத்தியத்தின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர் வீடு திரும்பிய பிறகு பில்கள் வரத் தொடங்கும்: ஆஸ்பத்திரி தனியாக, அவசரப் பிரிவு டாக்டர் தனியாக, ஸ்கேன் பார்த்துச் சொன்னவர் தனியாக, ஆம்புலன்ஸ் தனியாக. கூட்டினால் லட்சம் டாலரைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. இங்கிருக்கும் சொந்தபந்தம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: “இந்த வயசுல எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? நல்ல இன்சூரன்ஸாப் பாத்து எடுத்திருக்கக் கூடாதா?”

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. நோயாளி குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் அல்லர்.

முதலில், விலை என்று அங்கே சொல்லப்படுவது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் ஒரு பட்டியல் விலை வைத்திருக்கிறது. பேரம் பேசத் தெம்புள்ள எவரும் அந்த விலையைக் கொடுப்பதில்லை. 65 வயதைக் கடந்த அமெரிக்கர்களுக்கான அரசுத் திட்டமான மெடிகேர், தான் தரும் தொகையைத் தானே நிர்ணயிக்கிறது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பேரம் பேசி, 2022 நிலவரப்படி மெடிகேர் தொகையைப் போலச் சராசரியாக இரண்டரை மடங்கு கொடுத்தன என்கிறது ராண்ட் ஆய்வு நிறுவனம். பட்டியல் விலை அதற்கும் மேலே, வெகு மேலே நிற்கிறது. அது யார் தலையில் விழும்? காப்பீடு இல்லாதவர், விருந்தாளியாக வந்தவர், மொழி புரியாதவர் தலையில். பேரம் பேச ஆளில்லாதவரிடம் மிக உயர்ந்த விலை வாங்குவதைச் சந்தைக் கடைக்காரர் செய்தால் நாம் கொள்ளை என்போம். ஆஸ்பத்திரி செய்யும்போது மட்டும் வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

அந்நாட்டுச் சட்டத்துக்கும் இது தெரியாமல் இல்லை. லாப நோக்கமற்றது என்று வரிச் சலுகை பெறும் ஆஸ்பத்திரிகள் எழுத்து வடிவில் நிதி உதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அதன்படி தகுதி பெறும் நோயாளியிடம், காப்பீடு உள்ளவர்களுக்கு வழக்கமாக வரும் தொகைக்கு மேல் வசூலிக்கக் கூடாது. ஒபாமா காலத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த விதி இது. பட்டியல் விலை நியாய விலை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? ஆனால் யாருக்குத் தகுதி என்பதை ஆஸ்பத்திரியே முடிவு செய்கிறது. தம் வட்டாரத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் என்று எழுதிவைத்தால் விருந்தாளி வெளியே நிற்க வேண்டியதுதான்.

எதிர்பாராத பில்களிலிருந்து மக்களைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் 2022 ஜனவரி முதல் தேதி அங்கே நடைமுறைக்கு வந்தது. காப்பீடு இல்லாதவருக்கு முன்கூட்டியே செலவு மதிப்பீடு தர வேண்டும், பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம் என்கிறது அது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மதிப்பீடு, நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு. மாரடைப்பு நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸின் பில்லும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியேதான் விடப்பட்டிருக்கிறது.

அடுத்த குற்றவாளி காப்பீட்டு வியாபாரம். சுற்றுலா வருவோருக்கென விற்கப்படும் மலிவான பாலிசிகளில் முகப்பில் பெரிய தொகை ஒன்று மின்னும். உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு. ஐ.சி.யூ.வுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று கத்தரித்துக்கொண்டே வந்தால், முகப்புத் தொகையில் கால்வாசியைக்கூடத் தொடாது. பழைய நோய் ‘திடீரெனத் தீவிரமானால்’ பணம் உண்டு என்று ஒரு வாசகம் இருக்கும். முன்னறிகுறி இருந்திருக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், வயது ஒரு வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது என்று அதற்கு அடுக்கடுக்காக நிபந்தனைகள். ‘ரெண்டு நாளா லேசா மூச்சு வாங்குது’ என்று அவசரப் பிரிவில் வெள்ளந்தியாகச் சொன்ன ஒரு வாக்கியம் போதும், கோரிக்கை நிராகரிக்கப்பட.

அறுபது, எழுபது வயதுத் தமிழருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருக்கும் என்பது எவரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய ரகசியம் அல்ல. அவருக்கு எது நிச்சயம் வருமோ அதை விலக்கிவிட்டு, வராத எல்லாவற்றுக்கும் காப்பு விற்பது வியாபார சாமர்த்தியம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அதை ஏமாற்று என்கிறோம்.

பிள்ளைகள் மீதும் ஒரு சொல் உண்டு. விமான டிக்கெட்டுக்கு நான்கு நாள் விலை ஒப்பிட்டுப் பார்க்கிற மகன், காப்பீட்டுக்குப் பத்து நிமிடம் செலவழித்து, இருப்பதிலேயே மலிவானதைச் சொடுக்குகிறான். சோம்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் சோம்பலுக்குத் தண்டனையாக ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பைப் பறிக்க எந்த நீதியிலும் இடமில்லை.

“ஊருக்கு அனுப்பிடு, அப்புறம் யார் தேடி வரப் போறா?” என்று காதோரம் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதையும் நாம் ஏற்கவில்லை. நள்ளிரவில் உயிரைக் காத்தவருக்கு ஊதியம் கொடுக்காமல் விமானம் ஏறுவது தவறு. அடுத்து வரும் இந்திய முதியவரைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும் தவறும்கூட. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: பட்டியல் விலையை அப்படியே கட்டுவது எவருக்கும் கடமை ஆகாது. வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் அவகாசம் உண்டு. மெடிகேர் தரும் தொகையை அடிப்படையாக வைத்துப் பேரம் பேசுங்கள். ஒப்புக்கொண்ட தொகையைத் தவணையிலாவது கட்டி முடியுங்கள்.

இன்னொன்று. அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் பற்றிக் கேட்டுத் தாமதிக்காமல் பரிசோதித்து, உயிராபத்திலிருந்து மீட்க வேண்டும் என்று அங்கே 1986 முதல் சட்டம் இருக்கிறது. ஆகவே பதறிப்போய், நீட்டுகிற தாளில் எல்லாம் ‘பொறுப்பாளர்’ என்று மகனோ மருமகளோ கையெழுத்திட வேண்டியதில்லை. படித்துப் பார்த்துப் போடலாம்.

அரசுகளுக்கு வருவோம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் சுற்றுலா விசா தருவதில்லை. இங்கிலாந்து, வெளிநாட்டு விருந்தாளியிடம் தன் தேசிய சுகாதாரச் சேவைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வாங்குகிறது. 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் அடுத்த விசா மறுக்கப்படலாம். கடுமைதான், ஆனாலும் ஒளிவுமறைவு இல்லை. அமெரிக்கா? ஜே-1 பரிமாற்ற விசாவில் வரும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் நோய் ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் காப்பீடு கட்டாயம் என்று அதுவே விதித்திருக்கிறது. அதாவது ஆபத்தின் அளவு அந்த அரசுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் 185 டாலர் வாங்கிக்கொண்டு சென்னைத் துணைத் தூதரகத்தில் பி-2 விசா தருகையில், எழுபது வயதுப் பாட்டியிடம் காப்பீடு பற்றிக் கட்டாயம் எதுவும் இல்லை.

நம் அரசு இதில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். 375 ரூபாய் பிரீமியத்தில் மூன்றாண்டுக்கு, விபத்து மரணத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் காப்பு. கட்டாயப்படுத்தி, விலையைக் கட்டுக்குள் வைத்து, ஒரு காப்பீட்டை நடத்த முடியும் என்பதற்கு இதுவே சான்று. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் முதியவருக்கு அப்படி ஒரு திட்டத்தை வகுக்க டெல்லிக்கு இதுவரை தோன்றவில்லை. வெளிநாட்டில் தவிப்போருக்கென 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து அவசரச் சிகிச்சைக்கு உதவ வழி உண்டு. அது தூதரகக் கட்டணங்களிலிருந்து சேரும் பணம். மிகவும் வறியவருக்கு மட்டும் கிடைக்கும் கடைசிக் கைத்தாங்கல் அது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவப் பாலிசிகளுக்கு எளிய மொழியில் தகவல் தாள் தர வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. வெளிநாட்டுப் பயணப் பாலிசிக்கும் பணம் வாங்குவதற்கு முன்பே தமிழில் ஒரு பக்கம் வேண்டும். இந்தப் பாலிசி சர்க்கரைக்குத் தராது, இதயத்துக்குத் தராது, ஐ.சி.யூ.வுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் தரும் என்று முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாங்குபவர் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். அறுபது வயதைக் கடந்தவருக்குப் பழைய நோயையும் சேர்த்துக் காக்கும் ஒரு பாலிசியைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நியாயமான பிரீமியத்தில் தர வேண்டும். ஆணையமும் நிதியமைச்சகமும் அடுத்த கோடை விடுமுறைக்கு விமானங்கள் நிரம்புவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.