கணக்கு யாருக்குப் புரிய வேண்டும்?

கணக்கு எழுதுவது ஒரு வேலை. கணக்கைப் படிப்பது வேறு வேலை. எழுதியவர் கையில் காசு இருக்கும். படிக்கத் தெரியாதவர் கட்டை விரலில் மைதான் இருக்கும்!

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1991-ம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயலில் நாற்று நட்டவர்களும் குவாரியில் கல் உடைத்தவர்களும் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

எழுத்தோடு அவர்களுக்குக் கணக்கும் வந்தது. அதுதான் பெரிய லாபம்!

திரையில் கணக்கு

இன்று கணக்கு, நோட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. வரவு செலவுகளைத் திரட்டிப் படம் போட்டுக் காட்டுவதற்கென்றே மென்பொருள்கள் வந்துள்ளன. மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'பவர் பிஐ' அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் வேர் விட்ட ஸோஹோ கம்பெனியின் 'ஸோஹோ அனலிட்டிக்ஸ்' மற்றொன்று.

இவற்றில் புதுப்புது வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்பு ஒரு விவரம் வேண்டுமானால், விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். இப்போது, "போன மாதம் எந்தச் சரக்கு அதிகம் விற்றது?" என்று பேசுவதுபோல் எழுதிக் கேட்கலாம். உடனே படம் வருகிறது! விற்பனை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானே தகவல் அனுப்புகிறது. படத்தைத் தொட்டால் அதன் பின்னால் உள்ள வரவு செலவுகளைக் காட்டுகிறது.

நல்ல வசதிதான். ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்.

படமும் ஏமாற்றும்!

புதுக்கோட்டை பக்கத்து ஆதனக்கோட்டை, முந்திரிப் பருப்புக்குப் பேர் போன ஊர். அங்கே முந்திரி வறுத்து விற்கும் ஒரு பெண்கள் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் விற்பனை 40 ஆயிரம் ரூபாய். கொட்டை வாங்கியது 28 ஆயிரம். மிச்சம் 12 ஆயிரம்.

அடுத்த மாதம் விற்பனை 50 ஆயிரம். கொட்டை விலை ஏறிவிட்டதால் வாங்கியது 41 ஆயிரம். மிச்சம் 9 ஆயிரம்தான்!

"விற்பனை எப்படி?" என்று மட்டும் கேட்டால், திரையில் கோடு மேலே ஏறும். பார்த்தவர் கை தட்டுவார். ஆனால் குழுவின் பெட்டியில் 3 ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும்!

இயந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. கொட்டை விலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்கத் தெரிந்தவர் யார்? அடுப்பு முன் நின்று முந்திரி வறுக்கும் பெண்தான்! சந்தை விலை அவளுக்குத் தெரியும். ஆனால் திரை அவள் கண் முன் இல்லை. அதில் இருக்கும் எழுத்தும் பெரும்பாலும் ஆங்கிலம்.

"அவர்களுக்கு இது எதற்கு? அதிகாரிகள் பார்த்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பெண்களுக்குச் சைக்கிள் எதற்கு என்றும் ஒரு காலத்தில் கேலி பேசினார்கள். சைக்கிள் ஏறிய பெண்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

தமிழில் கேட்டாலும் பிழையில்லாமல் பதில் வரும்படி மென்பொருளை அமைக்க வேண்டும். எந்தத் தேதி வரையுள்ள கணக்கு என்பதைப் படத்திலேயே காட்ட வேண்டும். மாதம் ஒரு முறை குழுக் கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இயந்திரம் சொன்னது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது. இயந்திரமும் தவறு செய்யும்!

குடுமியான்மலைக் கோவிலில் எத்தனையோ கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்பதை அந்தக் காலத்தில் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊர் கூடும் இடத்தில் வைத்தார்கள்.

கல்லில் இருந்த கணக்கு இன்று கண்ணாடித் திரைக்கு வந்துவிட்டது. உழைத்தவர் கண்ணுக்கும் அது தெரியட்டும்!