நீதிமன்றம் இறையியல் மன்றமா?

உடுப்பியின் சிரூர் மடம் தொடர்பான 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஒரு சமயத்தின் இன்றியமையாத கூறு எது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சமயத்தின் தன்னாட்சியைக் காக்க எழுந்த அந்த அளவுகோல், நாளடைவில் நீதிபதிகளையே இறையியலாளர்கள் ஆக்கிவிட்டது.

ஆனந்த மார்க்கத்தாருக்குத் தாண்டவ நடனம் இன்றியமையாததன்று என்றது 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தொழுகைக்குப் பள்ளிவாசல் இன்றியமையாததன்று என்றது 1994ஆம் ஆண்டின் இஸ்மாயில் ஃபாரூக்கி தீர்ப்பு. முன்னதைப் பொது ஒழுங்கின் அடிப்படையிலும், பின்னதை நிலத்தைக் கையகப்படுத்தும் அரசின் அதிகாரத்தின் அடிப்படையிலும் மட்டுமே ஆராய்ந்திருக்கலாம். நம்பிக்கையை எடைபோட வேண்டிய தேவை இரண்டிலும் இல்லை.

அரசமைப்பின் 25ஆம் பிரிவு, சமய உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், பிற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்படுத்தியே வழங்குகிறது. எல்லைக்கோடு அங்கேயே வரையப்பட்டுள்ளது. இன்றியமையாமைச் சோதனையைக் கைவிட்டால் ஒதுக்கல்கள் தப்பிவிடும் என்னும் அச்சம் பொருந்தாது. 2018ஆம் ஆண்டுச் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் உணர்த்தியதுபோல், ஒரு வழக்கம் எவரையேனும் ஒதுக்கி அவரது மாண்பைக் குலைக்கிறதா என்பதே கேட்கத்தக்க வினா. அதற்கு விடை காண நீதிபதிக்கு அரசமைப்புச் சட்டம் போதும். சமய நூல்கள் வேண்டுவதில்லை.