"இங்கிலீஷ் மீடியம்தான் சார், மொழிப் பிரச்சினையே இல்ல"

நீட் ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பிச்சிடும். "சார், உங்க பொண்ணு மார்க்குக்கு இங்க சீட் கஷ்டம். வெளிநாட்டுல போட்டுடலாம். முழுக்க இங்கிலீஷ் மீடியம், மொழிப் பிரச்சினையே இல்ல. ஹாஸ்டல்ல நம்ம ஊர் சாப்பாடு. சுத்தி நம்ம பசங்கதான்."

கேட்க இதமாத்தான் இருக்கும். ஆனா ஒரு மருத்துவரா சொல்றேன், உங்க பிள்ளையோட ஆறு வருஷப் படிப்புல விழப்போற பெரிய ஓட்டையே அந்தப் பேச்சுலதான் இருக்கு. இழை கொஞ்சம் நீளம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

வகுப்பு ஆங்கிலத்துல நடக்கும், சரி. நோயாளி எந்த மொழியில பேசுவார்?

ரஷ்யாவுல ரஷ்ய மொழி. ஜார்ஜியாவுல ஜார்ஜிய மொழி, அதுக்கு எழுத்தே தனி. கிர்கிஸ்தான்ல கிர்கிஸ் அல்லது ரஷ்ய மொழி. உஸ்பெகிஸ்தான்ல உஸ்பெக். பிலிப்பைன்ஸ்ல ஆங்கிலமும் ஆட்சி மொழிதான். ஆனா நம்ம பிள்ளைங்க நிறைய பேர் படிக்கிற தவாவோ நகரத்துல, வயித்து வலின்னு வர்ற பாட்டி பிசாயாவுலதான் புலம்புவாங்க.

"அதனால என்ன டாக்டர், பாடம் புரிஞ்சா போதாதா?" போதாது.

1975ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு. வெளிநோயாளியா புதுசா வந்த 80 பேரைப் பார்த்தாங்க. அதுல 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படிச்சு, அவங்க சொன்னதைக் கேட்டதுமே நோய் என்னன்னு சரியா கணிக்க முடிஞ்சது. தொட்டுப் பார்க்கிறதும் ரத்தப் பரிசோதனையும் அதுக்கு அப்புறம்தான். இன்னைக்கு ஸ்கேன் எல்லாம் வந்தாச்சு. ஆனா யாருக்கு எந்த ஸ்கேன் வேணும்னு முடிவு பண்ண இன்னமும் பேசித்தான் ஆகணும்.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கோங்க. ஒருத்தர் வந்து "வாயுப் பிடிப்பு டாக்டர், நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு" என்பார். வாயுன்னு அவர் சொல்றார், ஆனா அது மாரடைப்பா இருக்கலாம். எரியுதா, அழுத்துதா? நடந்தா கூடுதா? வேர்த்துச்சா? இதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்க கத்துக்கிட்டோம். எந்தப் புத்தகத்துலயும் "வாயுப் பிடிப்பு"ன்னு பாடம் கிடையாது. ரஷ்யப் பாட்டிக்கும் அவங்க ஊர் "வாயு" ஒண்ணு இருக்கும். அதைப் புரிஞ்சுக்காத மாணவனுக்கு அந்த வார்டு ஊமைப் படம்தான்.

என்கிட்ட பயிற்சி மருத்துவரா வந்த ஒரு தம்பி சொன்னது இது. பேராசிரியர் நோயாளிகிட்ட பத்து நிமிஷம் அவங்க மொழியில பேசுவாராம். அப்புறம் திரும்பி இவங்ககிட்ட ஆங்கிலத்துல ரெண்டே வரி சொல்வாராம். இவங்க அதை எழுதிக்குவாங்க. அடுத்த கட்டில். "கடைசி மூணு வருஷமும் கட்டிலுக்குப் பின்னாடி நின்னேன் சார்" என்றான். இத்தனைக்கும் நல்லா படிக்கிற பையன். இங்க வந்து முதல் நோயாளிகிட்ட, அதுவும் தமிழ்ல, என்ன கேட்கிறதுன்னு தெரியாம நின்னான். அவன் கண்ணு கலங்கினதை நான் மறக்கல.

"எப்படியும் தமிழ்நாட்டுலதானே வேலை பார்க்கப் போறாங்க, ரஷ்ய மொழி எதுக்கு?" இது நியாயமான கேள்விதான். கேள்வி கேட்கிற பழக்கம் ஒரு மொழியில வந்துட்டா இன்னொரு மொழிக்கும் கூடவே வரும். எந்த மொழியிலயும் வரலைன்னா, தாய்மொழியிலயும் நாக்கு எழாது. கரையில நின்னு பார்த்து யாரும் நீச்சல் கத்துக்க முடியாது.

இந்தியாவுலயே பாருங்க. 2019ல வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தோட அடித்தளப் பயிற்சியில உள்ளூர் மொழியும் உண்டு. கர்நாடகாவுல படிக்கிற தமிழ்ப் பொண்ணு கன்னடம் கத்துக்கிட்டுத்தான் வார்டுல நிக்குது. ஜெர்மனியில வெளிநாட்டு டாக்டர் வேலை பார்க்கணும்னா மருத்துவ ஜெர்மன் மொழித் தேர்வு எழுதணும். நம்ம பிள்ளைக்கு மட்டும் மொழி வேண்டாம்னா, அப்படிச் சொல்றவர் மருத்துவம் சொல்லித்தரலை, டிக்கெட் விக்கிறார்.

அப்புறம் எஃப்எம்ஜிஇ. 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. அப்படியிருந்தும் பல தேர்வுகள்ல நாலுல ஒருத்தர்கூட தேறல. ஏஜெண்ட் இதைச் சொல்ல மாட்டார். சொன்னாலும் "கோச்சிங் போனா ஆச்சு" என்பார். கோச்சிங் பாஸ் பண்ண வைக்கும். நோயாளிகிட்ட பேச வைக்காது.

சக மருத்துவர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "வெளிநாட்டு டாக்டர்"னு வார்டுல நக்கல் அடிக்கிறதை நிறுத்துங்க. இங்க தனியார் கல்லூரியில கேட்கிற தொகையைக் கட்ட முடியாமத்தான் பாதிப் பேர் விமானம் ஏறுறாங்க. 2020ல சீனாவுக்குத் திரும்பிப் போக முடியாம வீட்டுல உட்கார்ந்து மொபைல்ல படிச்சதும் இவங்கதான். 2022ல கார்கிவ் பதுங்கு அறையில தண்ணி இல்லாம கிடந்ததும் இவங்கதான். அவங்களுக்குத் தேவை கேலி இல்ல, பக்கத்துல நிறுத்திச் சொல்லித்தர ஒரு சீனியர்.

பெற்றோரே, போகவே கூடாதுன்னு நான் சொல்லல. அந்த மொழியை ஒழுங்கா கத்துக்கிட்டு, அருமையான டாக்டரா திரும்பி வந்தவங்களும் இருக்காங்க. ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

1. முதல் ரெண்டு வருஷத்துல உள்ளூர் மொழி வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? அதுல தேறாம மேல போக முடியுமா?
2. வார்டுல மாணவர் தானே நோயாளிகிட்ட பேசிக் குறிப்பு எழுதுவாரா?
3. 2021 விதிப்படி படிப்பு குறைஞ்சது 54 மாசம், அதுக்கு மேல 12 மாசப் பயிற்சி, அந்த நாட்டுலயே டாக்டரா பதிவு பண்ணும் தகுதி. மூணும் உண்டா? எழுத்துல தருவாங்களா?
4. கடைசி வருஷத்துல இருக்கிற ரெண்டு மாணவர்கிட்ட, ஏஜெண்ட் பக்கத்துல இல்லாம, பேச முடியுமா?

நாலாவது கேள்விக்கு மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

இப்போ அங்க படிச்சிட்டு இருக்கிற தம்பி, தங்கைகளே, ஹாஸ்டலை விட்டு வெளியே வாங்க. காய்கறி வாங்குறப்போ பேசுங்க. பஸ்ல பக்கத்து சீட் தாத்தாகிட்ட பேசுங்க. தப்பா பேசுனா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அடுத்த வாரம் வார்டுல ஒரே ஒரு நோயாளிகிட்ட "எங்க வலிக்குது, எப்போலேருந்து?"னு அவங்க மொழியில கேளுங்க. உங்க மருத்துவப் படிப்பு அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது.

இந்த வருஷம் நீட் எழுதின பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்புங்க.