துப்பாக்கிக் குற்றமும் தண்டனைப் பெருக்கமும்

அச்சமின்றி வாழ்தலே குடிகள் அரசினிடம் எதிர்பார்க்கும் முதற்பயன் ஆகும். துப்பாக்கி காட்டிக் கொள்ளையிட்டுச் சிறை சென்ற ஒருவன், விடுதலை பெற்றபின் மீண்டும் அதே கருவியை ஏந்தி வருவானாயின், இவனை ஏன் வெளியே விட்டீர்கள் என்று ஜனங்கள் வினவுவது இயல்பே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினா நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. தண்டனையை மேன்மேலும் பெருக்குதலே அந்நாட்டார் கண்ட விடை. அவ்விடை எத்துணைப் பொருத்தமுடையது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

குற்றம் புரியுங்கால் துப்பாக்கியை உபயோகிப்பவனுக்குத் தனியான தண்டனை உண்டு என்னும் விதி, 1968-ஆம் ஆண்டில் அந்நாட்டு மத்திய சட்டத்தில் இடம் பெற்றது. 1998-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, துப்பாக்கி வைத்திருந்தால் 5 ஆண்டும், அதனைக் காட்டி மிரட்டினால் 7 ஆண்டும், சுட்டால் 10 ஆண்டும் குறைந்த அளவாகும். இவை மூலக்குற்றத்தின் தண்டனையோடு கூட்டப்படுவன. இரண்டாம் முறையாயின் 25 ஆண்டு. இதுவன்றி, பலாத்காரக் குற்றத்துக்காகவோ பெரிய போதைமருந்துக் குற்றத்துக்காகவோ மும்முறை தண்டிக்கப்பட்டவன் துப்பாக்கி வைத்திருந்தாலே 15 ஆண்டுக்குக் குறையாத சிறைவாசம் என்று, 1984-இல் இயற்றப்பட்டு 1986-இல் விரிவாக்கப்பட்ட சட்டம் விதித்தது.

இச்சட்டங்களை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் அலட்சியம் செய்யத்தக்கன அல்ல. கத்தி ஏந்தியவனிடமிருந்து ஓடித் தப்பலாம். துப்பாக்கி ஏந்தியவனிடமிருந்து அவ்வாறு தப்புதல் அரிது. அவன் குறி தவறினும், தெருவில் விளையாடும் குழந்தை மாளக்கூடும். முன்னரே தண்டிக்கப்பட்டு, விளைவை அறிந்தும் மீண்டும் அதே தொழிலில் இறங்குபவனுக்கு முதற்குற்றவாளியினும் மிகுந்த தண்டனை தருதல் நீதிக்கு மாறன்று. அவன் சிறையிலிருக்கும் வரையில் வெளியிலுள்ளோர்க்கு அவனால் தீங்கில்லை என்பதும் உண்மையே.

ஆயினும் சட்டம் யாரைக் கருதி இயற்றப்பட்டது என்பது வேறு. அது யாரைப் பற்றிக்கொள்கிறது என்பது வேறு. ஹூஸ்டன் நகர்ப்புறத்தில் ஆறு பாங்கிகளைத் துப்பாக்கியுடன் கொள்ளையிட்ட ஒருவனுக்கு, ஒரே விசாரணையில், துப்பாக்கிக்காக மட்டும் 105 ஆண்டு விதிக்கப்பட்டது. முதற்கொள்ளைக்கு 5 ஆண்டு. ஏனைய ஐந்தும் ‘மறுமுறைக் குற்றம்’ எனக் கொள்ளப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டு. சுப்ரீம் கோர்ட்டு 1993-இல் இதனை உறுதி செய்தது. அவன் கொடியவனே. ஆனால் தண்டனை பெற்றும் திருந்தாதவன் என்று அவனைக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? 2004-இல் யூட்டா மாகாணத்தில், மும்முறை கஞ்சா விற்ற இளைஞன் ஒருவன் துப்பாக்கி வைத்திருந்த காரணத்தால் 55 ஆண்டு பெற்றான். அவன் எவரையும் சுட்டானில்லை. தண்டனை விதித்த நியாயாதிபதியே அதனை அநீதியென்றும் கொடுமையென்றும் தம் தீர்ப்பில் எழுதினார். ஆனால் அதனைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கில்லை. முந்திய குற்றத்தின் தீர்ப்பு முடிவானபின் செய்யப்படும் குற்றத்துக்கே 25 ஆண்டு என்று 2018-இல் காங்கிரஸ் திருத்தம் செய்தது.

புளோரிடா மாகாணம் 1999-இல் இத்தகைய கட்டாயச் சட்டமொன்றை ஏற்படுத்திற்று. 2012-இல், முன்னர் எக்குற்றமும் செய்யாத ஒரு பெண், ஒருவர் மீதும் படாத ஒரே குண்டுக்காக 20 ஆண்டு தண்டனை பெற்றாள். அத்தீர்ப்பு மறு ஆண்டில் மேல்கோர்ட்டில் தள்ளப்பட்டது. 2016-இல் அக்குற்றவகையே அச்சட்டத்தினின்று நீக்கப்பட்டது.

இனி, நீண்ட தண்டனை அச்சத்தை விளைக்குமா என்பதைப் பார்ப்போம். தண்டனையின் கடுமையினும் அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்கேரியா 1764-இலேயே எழுதினார். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு அறிக்கையும் நீண்ட கட்டாயத் தண்டனைகளால் விளையும் தடுப்புப் பயன் சிறிதென்றே கருதிற்று. 2020 முதல் 2022 வரை அந்நாட்டில் நிகழ்ந்த கொலைகளில் ஏறக்குறையப் பாதி துலங்காமலே நின்றன. பிடிபடுவது ஐயமாயிருக்கையில், 15 ஆண்டு 25 ஆண்டாவதை எண்ணி எவன் நடுங்குவான்? மேலும், வயது ஏற ஏறப் பலாத்காரம் தணிவது இயல்பு. அறுபது வயதுக் கிழவனைக் காவலில் வைத்திருக்கும் செலவு பெரிது, பயனோ சிறிது.

பாஸ்டன் நகரில் 1996-இல் வேறொரு வழி கையாளப்பட்டது. போலீசாரும், மதகுருமாரும், தெருப்பணியாளரும் கூடி, சுடுந்தொழில் புரிந்த சிறு கூட்டத்தாரை நேரே அழைத்து, இனிச் சுட்டால் தப்ப இயலாது என்றும், விட்டுவிட விரும்புவோர்க்கு உதவி உண்டு என்றும் அறிவித்தனர். வாலிபர் கொலைகள் 63 சதவீதம் குறைந்தன என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டனர்.

ஆதலின் எமது அபிப்பிராயம் இது: மறுமுறை துப்பாக்கியால் தீங்கு செய்பவனுக்கு மிகுந்த தண்டனை வேண்டியதே. ஆனால் முன்பு தண்டிக்கப்பட்டு, அதன்பின் மெய்யாகவே பலாத்காரம் புரிந்தவன்மேல் மட்டுமே அது பாய வேண்டும். காரணங்காட்டிக் குறைக்கும் அதிகாரம் நியாயாதிபதிக்கு இருத்தல் வேண்டும். சிறைக்கூடத்தைப் பெருக்குமுன் துப்புத் துலக்குவோரைப் பெருக்குதல் வேண்டும். இவையின்றி ஆண்டுகளை மட்டும் கூட்டுவது, இறந்தோரின் சுற்றத்தார்க்கு ஆறுதல் போலத் தோன்றினும், அடுத்து இறக்கவிருப்போரைக் காப்பாற்றாது.