புளியங்கொட்டைக்கு ஒரு சல்யூட்!

பல்லாங்குழியில பாட்டிகிட்ட தோத்திருக்கீங்களா? அதுல உருட்டின புளியங்கொட்டை சாதாரண ஆள் இல்லீங்க. ஜப்பான்ல இந்தக் கொட்டையிலேர்ந்து கோந்து எடுத்து, ஐஸ்கிரீமும் சாஸும் கெட்டியா இருக்கறதுக்குச் சேர்க்கிறாங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல நம்ம ஊர் மில்லுகள்ல மாவுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, நூலுக்குக் கஞ்சி போடக் கைகொடுத்ததும் இந்தக் கொட்டைப் பொடிதான்!

புளியமரம் அவரைக் குடும்பம். மத்தியதரைக் கடல் பக்கம் அதுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார். பேரு கேரப். 'லோகஸ்ட் மரம்'னும் சொல்வாங்க. அதோட காயை ஆடு மாடுக்குப் போட்டாலும், கொட்டையை மட்டும் பத்திரமா எடுத்து கோந்தாக்கி நல்ல காசு பார்க்கிறாங்க. வைரத்துக்குச் சொல்ற 'கேரட்' எடைகூட அந்தக் கொட்டையோட பேர்லேர்ந்து வந்ததுதான்.

இப்போ நம்ம கண்ணமங்கலம் பக்கம் வாங்க. வேலூர்லேர்ந்து திருவண்ணாமலை போற வழியில, ஜவ்வாது மலை அடிவாரம். மேல மலைக்கிராமங்கள்ல இருக்கிற மலையாளி பழங்குடி மக்களுக்கு சாமை, தேன், கடுக்காயோட புளியும் ஒரு வருமானம். மாசி, பங்குனி வந்தா வேலை நெட்டி முறிக்கும். மரத்துல ஏறி உலுக்கணும், பொறுக்கணும், காயவைக்கணும், ஓடு உடைக்கணும், நார் உரிக்கணும், கொட்டை தட்டணும்.

இதுல ஒவ்வொரு படி ஏறும்போதும் விலையும் ஏறும். கொட்டையோட விக்கிற புளிக்கு ஒரு ரேட்டு, கொட்டை எடுத்த புளிக்கு அதைவிட நல்ல ரேட்டு, கொட்டைக்குத் தனி ரேட்டு. ஆனா அவசரத்துக்குப் பணம் தேவைப்படறவங்க முதல் படியிலயே வித்துடறாங்க. தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல காய் பழுக்கறதுக்கு முன்னாடியே மரத்தைக் குத்தகை பேசி முன்பணம் கொடுத்துடறதும் உண்டு. மீதிப் படியெல்லாம் வியாபாரி ஏறிக்குவார்.

சட்டம் என்ன சொல்லுது? சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விக்கவும் 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்கு உரிமை கொடுக்குது. 2020-ல மத்திய அரசு கொட்டையோட இருக்கிற புளிக்குக் கிலோ 36 ரூபாய்னு குறைந்தபட்ச ஆதார விலையும் அறிவிச்சது. நல்லதுதான்.

கொட்டை போட்டு வளர்க்கிற புளியமரம் காய்க்க எட்டு, பத்து வருஷம் ஆகும். அப்புறம் நூறு வருஷம் தாண்டியும் நிக்கும். தாத்தா வெச்ச மரத்துல பேரன் ஏறலாம். அந்தப் பேரனுக்கு விலையிலயும் ஒரு படி ஏற வழி வேணாமா?

வேலூர், ஆரணி இன்ஜினீயரிங் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஐடியா தேடறீங்களா? கரன்ட் இல்லாமலே கையால சுத்தற, மலைக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு கொட்டை எடுக்கிற மெஷின் செஞ்சு பாருங்க. ஆனா ஒண்ணு, டிசைன் போடறதுக்கு முன்னாடி மலைக்குப் போய், வருஷா வருஷம் கொட்டை தட்டற அக்காகிட்ட ரெண்டு நாள் பாடம் கேட்டுட்டு வாங்க!